அடுப்பில் மெழுகு வைத்தால் அருகில் மூடி இருக்கட்டும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலும், அதையொட்டிய கோட்டைத் தெருக்களிலும், சாலைக் கடைத்தெரு, வலியசாலை, கரமனை பக்கங்களிலும் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் ஒருவர் சம்பளத்தை நம்பி வாழ்பவை. கடைச் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா, சுமைத் தொழிலாளி, ஓட்டல் சரக்கு மாஸ்டர் என்று வேலை எதுவானாலும் சரி, வாடகையும் பள்ளிச் செலவும் போக மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது சொற்பமே. ஆகவே வீட்டுப் பெண்கள் அப்பளம் இடுகிறார்கள், தையல் மெஷின் மிதிக்கிறார்கள், பூக் கட்டுகிறார்கள். மெழுகுவத்தி வார்ப்பதும் இந்த வரிசையில் சேர்ந்த ஒரு தொழில்.

இதில் குறை காண ஒன்றுமில்லை. முதல் அதிகம் வேண்டாம். ஓர் அடுப்பு, ஒரு பாத்திரம், சில அச்சுகள், நூல் திரி, சில கிலோ மெழுகு இருந்தால் போதும். வெட்டுகாடு, பாளையம் போன்ற தேவாலயங்கள் உள்ள ஊர் இது. மெழுகுவத்திக்கு ஆண்டு முழுவதும் கேட்பு உண்டு. கார்த்திகை வந்தால் மிதக்கும் மெழுகு விளக்கு, டிசம்பர் வந்தால் வர்ண மெழுகுவத்தி, இடையிடையே பிறந்த நாள் விழாக்கள். 1998-ல் கேரளத்தில் குடும்பஸ்ரீ இயக்கம் தொடங்கியதிலிருந்து பெண்கள் கூட்டாகச் சிறு தொழில் செய்வது இங்கே கௌரவமான காரியமாகவும் ஆகியிருக்கிறது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. மெழுகை எப்படி அச்சில் ஊற்றுவது, எப்படி வர்ணம் சேர்ப்பது, எப்படிப் பளபளப்பாக எடுப்பது என்று சொல்லித் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அது தீப்பற்றினால் என்ன செய்வது என்று சொல்லித் தருபவர்கள் அரிது. தொழிலைக் கற்றுக்கொடுத்து, அபாயத்தைக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பாதி வித்தை. பாதி வித்தை சமையலறைக்குள் நுழைந்தால் அதன் விலையைக் கொடுப்பது அந்த வீட்டுப் பெண்ணும் குழந்தைகளும்தான்.

சாதுவான சரக்கு என்ற எண்ணம்

மெழுகு என்றதும் நமக்கு ஒரு சாதுவான பொருள் நினைவுக்கு வருகிறது. மணமில்லை, காரமில்லை, கையில் பட்டால் எரிச்சலில்லை. மண்ணெண்ணெயைக் கண்டு பயப்படுபவர்கள்கூட மெழுகுக் கட்டியைக் குழந்தை கையில் விளையாடக் கொடுப்பார்கள். ஜெர்மன் ரசாயன நிபுணர் கார்ல் ரைஷன்பாக் 1830-ல் இதைப் பிரித்தெடுத்து, 'பாரஃபின்' என்று பெயரிட்டதற்கும் இந்தக் குணமே காரணம். வேறு பொருள்களோடு அதிகம் உறவு கொள்ளாதது என்பது அந்த லத்தீன் பெயரின் பொருள்.

ஆனால் இதன் பிறப்பிடம் எது என்பதை மறந்துவிடக் கூடாது. பாரஃபின் மெழுகு தேனடையிலிருந்து வருவதல்ல. பெட்ரோலும் டீசலும் வரும் அதே கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது. அசாமில் 1901-ல் தொடங்கிய டிக்பாய் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பல காலமாக மெழுகு தயாரித்து வந்தது. 2015-ல் அதே மாநிலத்தின் நுமாலிகட் ஆலையில் பெரிய மெழுகுப் பிரிவு ஏற்பட்டது. தமிழ்நாட்டில் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று தொடங்கி, இன்று சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் என்று பெயர் பெற்றுள்ள ஆலையும் மெழுகு தயாரித்திருக்கிறது. சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டித் தொழிலுக்கு இந்த மெழுகு இன்றியமையாதது. தீக்குச்சியின் மருந்துத் தலையில் பற்றிய நெருப்பு அணைந்துவிடாமல் குச்சிக்கு இறங்குவதற்காகவே குச்சியை மெழுகில் தோய்க்கிறார்கள். நெருப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கென்றே உபயோகப்படும் ஒரு பொருளைச் சாது என்று எப்படி நம்புவது?

தண்ணீர் கொதிக்கும், மெழுகு கொதிக்காது

விபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி அபாயம் குறையும். தண்ணீரை அடுப்பில் வைத்தால் 100 டிகிரி சென்டிகிரேடில் தளதளவென்று கொதித்து, 'இனி இறக்கு' என்று நமக்குச் சொல்லிவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் ஆவியாகப் போகுமே தவிரச் சூடு ஏறாது. மெழுகு அப்படியல்ல. மெழுகுவத்திக்கு வாங்கும் சாதாரண மெழுகு 60 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக உருகிவிடும். உருகிய பின்னும் அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் 100, 150, 200 என்று சூடு ஏறிக்கொண்டே போகும். மேற்பரப்போ தெளிந்த தண்ணீர் மாதிரி அசையாமல் இருக்கும். குமிழி இல்லை, சத்தமில்லை. மெல்லிய புகை கிளம்பும்போதுதான் ஏதோ தவறு என்று தெரியும். அந்த வேளையில் பாத்திரத்திலிருந்து எழும் ஆவி, பக்கத்திலேயே எரியும் கேஸ் அடுப்பின் தீயை எட்டிப் பிடித்துவிடும். இன்னும் சூடு ஏறினால் தீக்குச்சிகூடத் தேவையில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும்.

எரிவது மெழுகுக் கட்டியல்ல, அதன் ஆவிதான் என்பதை மைக்கேல் பாரடே என்ற மேதை 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளில் விளக்கிக் காட்டினார். மெழுகுவத்தியை அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால், தீ அந்தப் புகை வழியாகவே இறங்கித் திரியை மறுபடி பற்ற வைக்கும். இதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். ஒரு சிறு திரியின் புகைக்கே இந்தச் சக்தி உண்டென்றால், இரண்டு கிலோ மெழுகு நிறைந்த பாத்திரத்தின் ஆவிக்கு எவ்வளவு சக்தி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஈயச் சொம்பும் இட்லிப் பானையும்

இதற்கு மாற்று என்ன? புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் முதலில் புளித் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சொம்பை அடுப்பில் ஏற்றுவார்கள். வெறும் சொம்பை ஏற்றினால் அது உருகி அடுப்பில் வழிந்துவிடும். ஈயச் சொம்பு எனப்படும் வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுவது. உள்ளே தண்ணீர் இருக்கும் வரை சொம்பின் சூடு அந்த அளவுக்கு ஏற முடியாது. தண்ணீரே காவல்காரன்.

மெழுகுக்கும் அதே காவல்காரனை வைக்க வேண்டும். ஒரு பெரிய பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர், அதற்குள் ஒரு கம்பி வளையம் அல்லது குழித்தட்டு, அதன் மேல் மெழுகுப் பாத்திரம். அடுப்பின் தீ தண்ணீரைத்தான் சுட வேண்டும். தண்ணீர்தான் மெழுகைச் சுட வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. ஆகவே மெழுகும் போகாது. மெழுகு தீப்பற்றும் சூட்டுக்கும் இதற்கும் இடையே நூறு டிகிரி இடைவெளி கிடைத்துவிடுகிறது. அச்சில் ஊற்ற 75, 80 டிகிரி இருந்தாலே போதும் என்பதால் வேலைக்கும் குறைவில்லை. கொஞ்சம் நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஒரே ஓர் எச்சரிக்கை. தண்ணீர் வற்றிவிட்டால் காவல்காரன் போய்விட்டான் என்று பொருள். இட்லிப் பானையில் தண்ணீர் தீர்ந்தால் அடி கருகுவது எல்லோரும் அறிந்ததே. பல வீடுகளில் இட்லிப் பானைக்குள் ஒரு காசைப் போட்டு வைப்பது வழக்கம். தண்ணீர் கொதிக்கும் வரை காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் இல்லை. மெழுகு உருக்கும் பாத்திரத்திலும் அதே காசைப் போடலாம். செலவில்லாத எச்சரிக்கை மணி அது.

கடைப்பிடிக்க வேண்டியவை

மெழுகைச் சிறு துண்டுகளாக உடைத்துப் போட்டால் ஒரே சீராக உருகும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. உள்பாத்திரம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும். தாளிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகுமோ அதுவே சூடான மெழுகிலும் ஆகும். சீக்கிரம் உருகட்டும் என்று பிரஷர் குக்கரில் வைத்து மூடுவது கூடவே கூடாது. உள்ளே நடப்பது தெரியாது. மெழுகு ஏறி ஆவிக் குழாயை அடைத்தால் குக்கரே வெடிக்கும்.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அதன் அளவு 42 டிகிரியோடு முடிந்துவிடும். நூறு டிகிரிக்கு மேல் காட்டும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மின்சார இண்டக்ஷன் அடுப்பில் திறந்த தீ இல்லை என்பது அனுகூலமே. ஆனால் அது வெகு சீக்கிரம் சூடேற்றும் என்பதால் அதிலும் தண்ணீர்ப் பாத்திரம் அவசியம்.

வாசனைக்காகச் சிலர் சூடான மெழுகில் கற்பூரம் போடுவதுண்டு. கற்பூரம், மெழுகு உருகும் சூட்டை ஒட்டியே தீப்பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும் பொருள். அடுப்புப் பக்கத்தில் அதைச் செய்வது நெருப்பைக் கூப்பிட்டு உட்கார வைப்பதாகும். வாசனை எண்ணெய் எதுவானாலும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கிய பிறகே சேர்க்க வேண்டும்.

எரிந்து மீந்த மெழுகைச் சேகரித்து மறுபடி உருக்குபவர்கள் அதைத் துணியில் வடிகட்ட வேண்டும். கருகிய திரித் துண்டும் தீக்குச்சித் தலையும் அதில் கிடந்தால், புது மெழுகுவத்தி எரியும்போது அவை இரண்டாவது, மூன்றாவது திரியாகி ஒரே ஜுவாலையாக எழும். கேரளத்தில் சிரட்டையில் மெழுகு ஊற்றி அழகு விளக்கு செய்கிறார்கள். சிரட்டையே நல்ல விறகு என்பதை வாங்குகிறவருக்கும் சொல்ல வேண்டும். கடைசி வரை எரிய விடக்கூடாத விளக்கு அது.

மீதி மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் அந்த அடைப்பு எடுக்கும் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடை விஷயமும் முக்கியம். நைலான், பாலியெஸ்டர் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திப் புடவையானாலும் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

வாளித் தண்ணீர் இங்கே எதிரி

ஆற்றுகால் பொங்காலை நாளில் ஸ்ரீவராகம் தெருக்களிலும் செங்கல் அடுப்புகள் வரிசையாக எரியும். 2009-ல் 25 லட்சம் பெண்கள் கலந்துகொண்டதாகக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்ற விழா அது. அத்தனை அடுப்புக்கு இடையிலும் நம் பெண்கள் நெருப்பைப் பக்குவமாகக் கையாளுகிறார்கள். விறகு அடுப்பு அத்துமீறினால் ஒரு குடம் தண்ணீர் போதும் என்பது அவர்களுக்குக் கைவந்த பாடம். அந்தப் பாடமே மெழுகு அடுப்பின் முன் ஆளைக் கொல்லும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

எரியும் மெழுகில் தண்ணீரை ஊற்றினால், தண்ணீர் கனமாகையால் அடியில் இறங்கும். அங்குள்ள கடும் சூட்டில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும். ஆவியாகும் தண்ணீர் சுமார் 1,700 மடங்கு விரியும். விரிகிற வேகத்தில் எரியும் மெழுகை முழுவதுமாகத் தூக்கி எறியும். பாத்திரத்துக்குள் இருந்த தீ, ஊற்றியவர் முகத்துக்கும் கூரைக்கும் ஒரே சமயத்தில் போய்விடும். பழைய அக்ரஹார வீடுகளில் மேலே மர உத்தரமும் மச்சும், இரு புறமும் ஒட்டுச் சுவரும். ஒரு வீட்டுத் தீ தெருவின் தீ ஆவதற்கு வெகு நேரம் பிடிக்காது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ம் தேதி பள்ளிச் சமையற்கூடத்தில் தொடங்கிய தீ கூரைக்கு ஏறி 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை எந்தத் தமிழனும் மறக்க மாட்டான்.

செய்ய வேண்டியது மூன்றே காரியம். முதலாவது, கைக்கு எட்டினால் அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டாவது, பாத்திரத்தைவிடச் சற்றுப் பெரிய உலோக மூடியையோ தாம்பாளத்தையோ கேடயம் மாதிரி முன்னால் பிடித்து, பக்கவாட்டில் நகர்த்தி மூட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ அணைந்துவிடும். மூன்றாவது, அணைந்துவிட்டதா என்று திறந்து பார்க்காமல், முழுவதும் ஆறும் வரை அப்படியே விட வேண்டும். எரியும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவது மகா ஆபத்து. ஓடும் வேகத்தில் தளும்பி, ஓடுகிறவர் மேலேயே கொட்டும். இந்த மூடி அலமாரியில் இருந்தால் பிரயோஜனமில்லை. அடுப்பு பற்ற வைக்கும் முன்பே கையருகில் இருக்க வேண்டும்.

மூடியால் அடங்காத தீ என்றால் பொருள்களைப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்றிவிட்டு, 101 அல்லது 112-க்குப் போன் செய்ய வேண்டும். இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சிரமம் உண்டு. பதற்றத்தில் மலையாளம் வராது. விலாசம் சொல்லத் தடுமாறும். வீட்டின் டி.சி. நம்பர், குடியிருப்போர் சங்க நம்பர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது குளத்தின் பெயர் இவற்றை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டி வைக்கலாம். வீட்டுக் குழந்தைகள் மலையாளப் பள்ளியில் படிப்பவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு அதைப் படித்துச் சொல்லப் பழக்கி வைத்தால் இன்னும் நல்லது.

சுட்டுவிட்டால்

60 டிகிரி சூடுள்ள வெந்நீர் ஐந்து விநாடியில் தோலை ஆழமாகச் சுட்டுவிடும். வெந்நீராவது வழிந்து போகும். மெழுகு ஒட்டிக்கொண்டு உறையும். உறைந்த மெழுகைப் பிய்த்தெடுத்தால் தோலும் சேர்ந்து வரும். ஆகவே அதைத் தொடாமல், ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். வீக்கம் வரும் முன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிட வேண்டும். பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி டாக்டரிடம் போக வேண்டும். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் என்று பூசுவது காயத்தைக் கெடுக்கும். டாக்டருக்கு வேலையைக் கூட்டும். முகம், கண், கை மூட்டு இவற்றில் பட்டாலும், குழந்தைக்குப் பட்டாலும் தாமதமின்றி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்வதே முறை.

மூட்டு வலிக்கு மெழுகு ஒத்தடம் கொடுப்பதைச் சிலர் வீட்டிலேயே செய்து பார்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு உபயோகிப்பது திரவப் பாரஃபின் கலந்து, சுமார் 52 முதல் 54 டிகிரியில் வைத்த மெழுகு. மெழுகுவத்தி மெழுகை உருக்கிக் கையை முக்குவது வேறு காரியம். நீரிழிவால் உணர்ச்சி மரத்த கைகால் உள்ளவர்கள் சுடுவதே தெரியாமல் வெந்துபோவார்கள்.

கார்த்திகையில் கவனம்

தொழில் செய்யாத வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. அகல் விளக்குக்குப் பதிலாகத் தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகு விளக்குகளைக் கார்த்திகைக்கு வாங்குவது பெருகியிருக்கிறது. தாம்பாளத்தில் நெருக்கமாக முப்பது, நாற்பது விளக்குகளை அடுக்கி ஏற்றினால், ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்கி, எல்லாக் கிண்ணங்களிலும் மெழுகு அளவுக்கு மீறிச் சூடேறும். ஒரு கட்டத்தில் திரி மட்டுமன்றி மெழுகின் பரப்பே பற்றி எரியும். உடனே வீட்டில் ஒருவர் செம்புத் தண்ணீரைக் கொட்டுவார். மேலே சொன்ன அதே கதைதான். விளக்குக்கும் விளக்குக்கும் நாலு விரற்கடை இடைவெளி விட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வைக்காமல் தரையில் வைத்தால் போதும். பண்டிகை பண்டிகையாகவே முடியும்.

யார் மேல் குற்றம்?

இப்படி ஒரு விபத்து நேர்ந்தால், 'அந்தம்மாள் கவனமாக இருந்திருக்கலாம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமா என்று யோசிக்க வேண்டும். வீட்டில் மெழுகு காய்ச்சும் பெண் அதை மட்டுமா செய்கிறாள்? ஓர் அடுப்பில் மெழுகு, அடுத்த அடுப்பில் குழம்பு. வாசலில் பால்காரர், தண்ணீர் வரும் நேரம், அழும் குழந்தை, அடிக்கும் போன். ஐந்து நிமிஷம் திரும்பிப் பார்க்காத நேரத்தில்தான் மெழுகு எல்லை தாண்டுகிறது. ஒரே ஆள் பத்து வேலை செய்யும் நிலைமைதான் விபத்தின் முதல் காரணம். அலட்சியம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது. வாரத்தில் ஒரு நாள், விடுமுறை தினத்தில் இரண்டு மணி நேரம், குழந்தையையும் வாசலையும் வீட்டு ஆண்கள் பார்த்துக்கொண்டால், அந்த இரண்டு மணி நேரமே பெரிய பாதுகாப்பு. அவள் சம்பாதிக்கும் பணம் குடும்பத்துக்கு வேண்டும் என்றால், அந்த நேரத்தையும் குடும்பம் கொடுக்கத்தான் வேண்டும்.

போட்டியும் ஒரு காரணம். மெழுகுவத்தி தயாரிப்பு நெடுங்காலம் சிறு தொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பொருளாக இருந்தது. 2015 ஏப்ரலில் மத்திய அரசு கடைசியாக எஞ்சியிருந்த இருபது பொருள்களின் ஒதுக்கீட்டை நீக்கியபோது மெழுகுவத்தியும் அதில் போயிற்று. மெஷினில் செய்து குவிப்பவர்களோடு சமையலறை உற்பத்தி போட்டி போட வேண்டிய நிலையில், சீக்கிரம் முடிக்க வேண்டும், அதிகம் செய்ய வேண்டும், புதுமையாகச் செய்ய வேண்டும் என்ற அவசரம் வருகிறது.

புதுமை மோகம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு மகாராஷ்டிரம் சாட்சி. 2023 டிசம்பர் 8-ம் தேதி புணே அருகே தளவடேயில், பிறந்த நாள் கேக்கில் பொறி சிதறும் மெழுகுவத்தி செய்த ஒரு பட்டறையில் தீப்பிடித்து, வேலை செய்த பெண்களில் அன்றே ஆறு பேர் மாண்டார்கள். பிறகு சாவு எண்ணிக்கை மேலும் உயர்ந்தது. அங்கே இருந்தது வெறும் மெழுகல்ல, மத்தாப்பு போன்ற மருந்துப் பொருள். 'மெழுகுவத்திதானே' என்ற சொல் அந்த மருந்தையும் மறைத்துவிட்டது. பொறி மெழுகுவத்தி வீட்டில் செய்யத்தக்க பொருளே அல்ல. எவ்வளவு கூலி கொடுப்பதாகச் சொன்னாலும் அந்த ஆர்டரை ஏற்கக் கூடாது.

தடை அல்ல, ஏற்பாடு வேண்டும்

இதையெல்லாம் படித்துவிட்டு, 'என் வீட்டில் இனி மெழுகு காய்ச்சக் கூடாது' என்று வீட்டுக்காரர் ஒருவர் சொல்லக்கூடும். அவருடைய பயம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தடை போட்டால் தொழில் நின்றுவிடாது. கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு இரவில் நடக்கும். அடைத்த அறையில், தூக்கக் கண்ணோடு, அக்கம்பக்கம் அறியாமல் செய்யும் வேலையைவிட அபாயமானது வேறில்லை. வெளிச்சத்தில், பலரும் அறியச் செய்ய விடுவதே எல்லோருக்கும் நல்லது.

அதற்குச் சில ஏற்பாடுகள் தேவை. மெழுகுவத்திப் பயிற்சி கொடுப்பவர்கள் முதல் நாள் முதல் பாடமாகத் தண்ணீர்ப் பாத்திர முறையையும் மூடியால் தீயணைக்கும் முறையையும் செய்து காட்ட வேண்டும். செய்யத் தெரியாதவருக்குச் சான்றிதழ் கொடுக்கக் கூடாது. மெழுகு விற்கும் கடைக்காரர்கள் ஒவ்வொரு பொட்டலத்திலும் மலையாளத்திலும் தமிழிலும் நாலு வரி எச்சரிக்கை அச்சடித்துப் போடலாம். சீட்டுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் மனம் வைத்தால், வாரம் ஒரு நாள் தங்கள் கட்டடத்தின் பின்புறத் திறந்த வெளியில் நாலைந்து பெண்கள் கூட்டாக மெழுகு வார்க்க இடம் கொடுக்கலாம். வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரை வியாபாரத்துக்கு எரிப்பது 2000-ம் ஆண்டின் மத்திய அரசு ஆணைப்படி குற்றம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. கூட்டாகச் செய்தால் வர்த்தக சிலிண்டர் ஒன்றை எல்லோருமாகச் சேர்ந்து வாங்க முடியும். கலை விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை போடும் சங்கங்கள், உறுப்பினர் வீட்டு அடுப்படிக்கு ஒரு கொட்டகை போட்டால் அதுவும் தமிழ்த் தொண்டுதான்.

'இத்தனை நிபந்தனை போட்டால் நாலு காசு சம்பாதிப்பது எப்படி?' என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வேண்டியது கூடுதலாக ஒரு பாத்திரம், ஒரு மூடி, ஒரு தெர்மாமீட்டர், இரண்டு மணி நேரம். ஒரு மாத லாபத்தில் இதை வாங்கிவிடலாம். இவை இல்லாமல் ஒரு முறை தீப்பிடித்தால் போவது வீட்டு அட்வான்ஸ், சேர்த்து வைத்த சாமான், ஆஸ்பத்திரிச் செலவு, அதற்கும் மேலாக ஒரு பெண்ணின் முகமும் கையும்.

ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கு ஓடி வரச் சொந்தக்காரர்கள் பக்கத்துத் தெருவில் இல்லை. நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ அவர்கள் ரயிலேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த முதல் ஒரு நிமிஷத்தில் துணைக்கு இருப்பது கையருகில் வைத்த ஒரு மூடி மட்டுமே. இன்றைக்கே எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைக்கட்டும்.